கோட்டைவிட்ட காளீஸ்வரன்

காளீஸ்வரன் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடி பரணுக்குப் போய்விட்டது. போட்டவன் அவனேதான். ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் கோப்பை வந்து உட்காரப் போகிறது. கேரம் கோப்பை! ஆறு வருஷமாக ஆடுகிறான். ஆறு வருஷமும் முதல் சுற்றோடு வீடு திரும்பினான். இந்த வருஷம் என்ன புண்ணியமோ, எதிராளிகளுக்கெல்லாம் வரிசையாகச் சளி பிடித்து, இவன் இறுதிச்சுற்றுக்கே வந்துவிட்டான். இனி பாக்கி, போன வருஷம் ஜெயித்த காய்கறி மண்டி வேலுமணி ஒருத்தன்தான்.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் பூம்பாறையில் காதுகுத்து. மனைவி பொன்னுத்தாயின் தம்பி மகளுக்கு.

"எனக்குக் கேரம் இருக்கு, நீ மட்டும் போயிட்டு வா" என்று பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்கிற ஆண்பிள்ளை இந்த மலையில் எங்கேயாவது இருப்பார். காளீஸ்வரனுக்கு அவர் விலாசம் தெரியாது. அதனால் திட்டம் போட்டான்.

ஒரு வாரமாக வானம் ஓட்டை. வில்பட்டியில் கோட்டு இல்லாமல் பைக்கை எடுத்தால், தெருமுனையிலேயே குளித்து முடித்த மாதிரிதான். வீட்டில் மழைக்கோட்டு இரண்டு. அவனுக்குக் கறுப்பு, அவளுக்குப் பச்சை. புதன்கிழமை அந்தப் பச்சையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, டவுனுக்குப் போகிற வழியில் நண்பன் கணேசனின் மெக்கானிக் கடையில் இறங்கினான். இறுதிப் போட்டியும் அங்கேதான்.

"இத வச்சிரு மாப்ள. ஞாயித்துக்கெழம வாங்கிக்கிறேன்."

"எதுக்குலே?"

"ரெண்டு பேரு வண்டில போகணும்னா ரெண்டு கோட்டு வேணும். ஒண்ணுதான் இருக்குன்னா?"

"ஒருத்தருதான் போகலாம்."

"அவள பஸ்ஸுல ஏத்திவிட்டு, நான் பின்னாடியே வண்டில வர்றேம்பேன். வழில வண்டி மக்கர் பண்ணிரும்."

கணேசன் எழுந்து நின்று அவன் கையைக் குலுக்கினான். காளீஸ்வரனுக்கு அப்போதே கோப்பை வாங்கின மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பொன்னுத்தாய் கோட்டைத் தேடினாள். அவளைவிட அக்கறையாக அவன் தேடினான். கட்டிலுக்கு அடியில் புகுந்தான், கோழிக் கூடைக்குள் கைவிட்டுக் கொத்தும் வாங்கினான். வெள்ளிக்கிழமை அவள் தேடுவதை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஊரில் ரவிக்கை தைக்கவும் கிழிசல் ஒட்டவும் அவள் ஒருத்திதான், மெஷின் ஓயாது. திட்டம் பலித்துவிட்டது என்று அவன் சந்தோஷமாகத் தூங்கினான்.

சனிக்கிழமை பேச்சை எடுத்தான்.

"ஒரு கோட்ட வச்சுக்கிட்டு ரெண்டு பேரு எப்பிடி பொன்னு போறது? நீ நனைஞ்சா காய்ச்ச வரும். மனுசன் நனையாம இருக்கணும், அதான் முக்கியம். நீ வெள்ளனே பஸ்ஸப் புடி."

"எம்மேல இம்புட்டுப் பாசமா?"

"பின்ன?"

"அப்ப ஒண்ணாவே போவம்."

"கோட்டுக்கு எங்க போக?"

"இருக்குல்ல," என்று அவள் ஒரு மூட்டையைப் பிரித்துக் கட்டிலில் விரித்தாள்.

காளீஸ்வரன் குனிந்து பார்த்தான். ஒரே கோட்டு. கழுத்து இரண்டு, கை நாலு. முன்பாதி கறுப்பு, பின்பாதி பச்சை. பச்சையில், போன ஆடியில் சைலன்சர் பட்டுத் தீய்ந்த வட்டம் தோசை மாதிரி தெளிவாகத் தெரிந்தது. அவள் கோட்டேதான்.

"இது... இது எங்க..."

"எது எங்க?"

எங்கே கிடைத்தது என்று கேட்டால், எங்கே போயிருந்தது என்று அவள் கேட்பாள். அவன் தையலைத் தடவிப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. தையல் நல்லாருக்குன்னேன்."

"ரெண்டு கோட்டுன்னா நடுவுல தண்ணி எறங்கி எம்மடி நனையும். இப்பச் சொட்டு எறங்காது. ஒரே சங்கடம், தனியா ஒருத்தரு போட்டுட்டுப் போனா பின்பாதி காத்துல பறந்து ஆளையே தூக்கிரும்."

ராத்திரி முழுக்க அவன் புரண்டான். காலையில் குளியலறைக் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு, கணேசனுக்குப் போன் போட்டான். "ஒங்கடை வாசல்ல வண்டி நிக்கும். பிளக் போச்சுன்னு சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கறேன்!"

கணேசன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். பொன்னுத்தாய் கதவைத் தட்டினாள். போனை வைத்துவிட்டான்.

இரட்டைத்தலைக் கோட்டுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். வழியெல்லாம் டூரிஸ்ட்டுகள் வேனை நிறுத்திப் படம் பிடித்தார்கள். பொன்னுத்தாய் எல்லாருக்கும் கையாட்டினாள். அவனுக்கோ முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், மேலே ஒரு சொட்டு விழவில்லை. மெக்கானிக் கடை நெருங்கியதும், கோட்டுக்கு அடியில் கைவிட்டுப் பெட்ரோல் குழாயை மூடினான். வண்டி இருமிக்கொண்டே போய்ச் சரியாகக் கடை வாசலில் நின்றது.

"அடடா!" என்றான் காளீஸ்வரன், நான்கு பேர் கேட்கும்படியாக.

கணேசன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "பிளக் போயிருச்சு மதினி. ரெண்டு மணி நேரம் ஆகும்."

"பாத்தியா பொன்னு? நீ வெரசா பஸ்ஸப் புடி. காது குத்துற நேரம் தப்பிரும்."

அப்போது கடைக்குள்ளிருந்து கணேசன் மனைவி ரேவதி வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அவளும் பூம்பாறைக்காரிதான். குனிந்து வண்டியைப் பார்த்தாள்.

"பெட்ரோல் கொழாய் மூடிக் கெடக்குண்ணே."

திறந்தாள். ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவளுக்கு அதுகூடத் தெரியாதா?

பொன்னுத்தாய் நிதானமாகப் பொத்தானைக் கழற்றினாள். "எறங்குங்க. ஒங்களுக்குக் கேரம் பைனலாமே? ஆடுங்க. நானும் ரேவதியும் போயிக்கிறோம்."

"கேரமா? எந்தக் கேரம்?"

"கை கிழிஞ்சிருக்கு, தச்சுக் குடுங்கக்கான்னு வெள்ளிக்கெழம ரேவதி ஒரு பச்சைக் கோட்டக் கொண்டாந்தா. கேரம் கதையும் அவதான் சொன்னா. கிழிசல் தைக்க ஊருல வேற யாரு இருக்கா?"

இரண்டு பெண்களும் கோட்டுக்குள் புகுந்தார்கள். ரேவதி முன்னால், பொன்னுத்தாய் பின்னால். அவன் பைக், அவன் கோட்டு, அவன் கண்ணெதிரே வளைவில் திரும்பி மறைந்தன.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓரமாக ஒரு சந்தோஷம். மானம் போனால் என்ன, கோப்பை இருக்கிறதே! கையை உதறிக்கொண்டு உள்ளே போனான். கடையில் ஒரு ஈ காக்கை இல்லை. நடுவில் கேரம் போர்டு, வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

"என்னலே இது?"

"கூரத் தகரம் ஒழுகுதுன்னு அந்தக் கோட்டத்தான் போர்டு மேல மூடி வச்சிருந்தேன். தைக்கணும்னு அவ எடுத்துட்டுப் போயிட்டா. ரெண்டு நாள் மழ. போட்டி கேன்சல். கோப்பைய போன வருசம் செயிச்சவருக்கே குடுத்துட்டாங்க. காலைல போன்ல அதத்தான் சொல்ல வந்தேன்," என்ற கணேசன் பெருமூச்சு விட்டான். "கோட்ட விட்டுட்டியே மாப்ள!"

வெளியே மழை கொட்டியது. வண்டி இல்லை, கோட்டு இல்லை, பசி மட்டும் இருந்தது. மத்தியானம் போன் அடித்தது. பின்னணியில் மேளச் சத்தம்.

"காது குத்தியாச்சுங்க. கெடாக்கறி, பூண்டுக் கொழம்பு, பந்தி நடக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"கடையிலதான். நடந்தாவது வரட்டுமா பொன்னு?"

"ஐயையோ, இந்த மழையிலயா? மனுசன் நனையாம இருக்கணும், அதான முக்கியம்!"