சிறுநீரகத்துக்குத் தகடு இல்லை

செபஸ்தியார் துணை
சேரங்கோடு, ஜனவரி 22

அன்புமிக்க தம்பி பிரைட்டனுக்கு அண்ணி மெட்டில்டா எழுதுவது. இங்கு நலம், நீங்களும் ஷைனாவும் குழந்தையும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். நவம்பரிலிருந்து நீங்கள் போனை எடுக்காததால் கடிதமாக எழுதுகிறேன். அண்ணனுக்குக் கிட்னி தருவதாக நீங்கள் சொன்னதை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். செபஸ்தியார் பார்த்துக்கொண்டார்.

திருவிழாவுக்கு நேர்த்தித் தகடு வாங்கப் போனேன். கடையில் வெள்ளியில் கண், கை, கால், தொட்டில் பிள்ளை, வீடுகூட இருந்தது, கிட்னி இல்லை. "அதை யாருங்க்கா கேக்கறாங்க? முழு ஆளா வாங்கிக்கங்க, எல்லாம் உள்ளதானுங்களே இருக்குது" என்றார் கடைக்காரர். வாங்கி வந்து காட்டினால் உங்கள் அண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீசை இல்லையே மெட்டில்டா. செபஸ்தியார் வேற எவனையாச்சும் குணமாக்கிடப் போறாரு" என்றார். ஊக்கால் மீசை கீறிப் புனிதர் பாதத்தில் வைத்தேன். அன்றைக்குப் பார்த்து டயாலிசிஸ் நாள். தேர் ரோட்டை அடைத்து நின்றதில் கூடலூர் பஸ் வந்த வழியே திரும்பிவிட்டது, அடுத்த முறை வெள்ளிக்கிழமைதான், சரி வந்தது வந்தோம் என்று கோயில் அசன விருந்தில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு இசக்கியம்மா, "சாமி சோறுங்க, ஒண்ணும் பண்ணாது" என்று ரசத்தை மூன்று கரண்டி ஊற்றினார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று தண்ணீரை அளந்து குடிக்கிற மனிதர், புனிதர் வீட்டுச் சோற்றை மறுக்கக்கூடாதென்று இலையை வழித்துக் குடித்தார். மறுநாள் காலை முகம் உப்பிப் பளபளவென்று இருந்தது. "பாத்தீங்களா, ஒட்டின கன்னத்துல சதை வெச்சிருச்சுங்க" என்றார் இசக்கியம்மா. மதியத்துக்குள் பத்துப் பேர் வந்து கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஞாயிறு பூசையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் இரண்டு முறை மூச்சு வாங்கிவிட்டு, "சொல்லிரலாம்" என்றார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் பீடம்வரை நடந்துவிடுவார்.

ஆகவே லீவு போட்டு அலைய வேண்டாம். ஷைனாவை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடவும்.

அன்புடன்,
அண்ணி மெட்டில்டா

பி.கு.: இதுவரை எழுதியதை அண்ணன் வாசித்துவிட்டு, "அவன் பயந்துட்டான், பாவம். நான் நல்லாயிட்டதாவே இருக்கட்டும், ஒட்டிரு" என்றார். அவர் கண்ணயர்ந்ததும் இதை எழுதுகிறேன். முகத்தில் இருப்பது சதையல்ல, தண்ணீர். இப்படியே அதிக நாள் தள்ள முடியாது என்கிறார் டாக்டர். எனக்குச் சர்க்கரை, என்னுடையது ஆகாது. ஒத்துப்போனது உங்களுடையது மட்டும்தான். பயம் தெளியட்டும் என்று காத்திருக்காதீர்கள், தம்பி. பயத்தோடேயே வாருங்கள்.