ஏனாத்தூர் சுத்தி வந்த கத்திரிச்செடி

சனிக்கிழமை காலைல எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மாடித்தோட்டத்துக்குச் செடி வாங்கணும்.

மாடித்தோட்டம்னு சொல்லிட்டேன். எங்க மாடில அப்போ இருந்தது ஒரு தண்ணி டேங்க், ஒரு துணிக்கொடி, கால் உடைஞ்ச பிளாஸ்டிக் சேர், அப்புறம் பக்கத்து வீட்டுப் பூனை தூங்கற மண்தொட்டி. அவ்வளவுதான். ஆனா குடும்ப வாட்ஸப் குரூப்ல மட்டும் எங்க மாடில கத்திரிக்கா காய்ச்சுத் தொங்கிட்டிருந்துச்சு.

அதுக்குக் காரணம் கலா அண்ணி. என் வீட்டுக்காரரோட அக்கா. அம்பத்தூர்ல இருக்காங்க. நான் காபி குடிக்கறதுக்கு முன்னாடியே அவங்க மாடித்தோட்டத்து போட்டோ வந்து நிக்கும். இன்னிக்குப் பறிச்ச வெண்டைக்கா. இன்னிக்குப் பறிச்ச பீர்க்கங்கா. பீர்க்கங்காய்க்குப் பக்கத்துல அளவு தெரியறதுக்கு ஒரு கரண்டி வேற.

ஒரு நாள் என்னால பொறுக்க முடியல. "எங்க மாடிலயும் கத்திரி காய்ச்சுக் கொட்டுது அண்ணி, பறிக்கத்தான் ஆளில்ல"ன்னு அடிச்சு விட்டேன்.

"அப்படியா? ஞாயித்துக்கிழமை பொண்ணு கல்யாணத்துக்குச் சேலை பாக்க காஞ்சிபுரம் வரேன். நானே பறிச்சுக்கறேன்"ன்னு பதில் வந்துச்சு. கூடவே ஒரு கூடை படம்.

என் வீட்டுக்காரர் அதைப் படிச்சுட்டு மாடிக்குப் போனார். டேங்க் மூடியைத் திறந்து உள்ள பாத்தார். "இங்கயும் இல்லையே வசந்தி"ன்னார்.

விதை போடறதுக்கெல்லாம் நேரம் இல்ல. இப்போ போட்டா அண்ணி பொண்ணோட வளைகாப்புக்குத்தான் காய்க்கும். காய் தொங்கற செடியாவே வாங்கியாகணும். எங்க வாங்கறதுங்கறதுதான் கேள்வி.

ஆன்லைன்ல வாங்கலாம். முன்னாடி ஒரு தடவை அஞ்சு கலர் மிளகாய்னு விதை வாங்கினேன். முளைச்சு வந்ததை எதிர் வீட்டு மாடு ரொம்ப ஆசையா சாப்பிட்டுச்சு. மிளகாச்செடியா இருந்தா மாடு அவ்வளவு நேரம் நின்னிருக்காது.

தெருவுல வண்டில செடி கொண்டு வர்றவர் இருக்கார். அவர்கிட்ட வாங்கற ரோஜா, பூ உதிர்ற வரைக்கும்தான் ரோஜா. அப்புறம் வெறும் முள்ளு. பஜார்ல விதைக்கடை இருக்கு. அங்க போனா முதல் கேள்வியே "எத்தனை ஏக்கர்மா?"ன்னுதான் இருக்கும். ஒரு தொட்டின்னு சொல்லிட்டு கடைக்காரர் முகத்தைப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல.

மிச்சம் இருந்தது எங்க தெருமுனை நர்சரி. நாங்க இருக்கறது செவிலிமேடு. எங்க வாசல்ல நின்னு எட்டிப் பாத்தாலே கடை தெரியும். எஸ்தர் அக்கா நடத்தறாங்க. வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து, தறில அறுத்துப் போடற பட்டு நூல் துண்டுகளை வெச்சு ஒவ்வொரு செடியையும் குச்சியோட சேத்துக் கட்டிக்கிட்டே இருப்பாங்க. நல்ல செடிதான். ஆனா அங்க என்னால போக முடியாது.

போன பொங்கல் சமயத்துல ஒரு செம்பருத்திக்குப் பேரம் பேசினேன். நான் சொன்ன விலைக்கு அவங்க இறங்கல. எனக்குக் கோவம் வந்துடுச்சு. கடையில நின்னவங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "நடுவுல இருக்கறவங்ககிட்ட வாங்கினா இப்படித்தான். நான் வளக்கறவங்ககிட்டயே நேரா போய் வாங்கிக்கறேன்"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன்.

எஸ்தர் அக்கா கோவப்படவே இல்ல. "போய்ட்டு வாம்மா"ன்னாங்க. அதுலருந்து அவங்க கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவசரமா ஒரு போன் வந்துடும்.

ஆக, வளக்கறவங்ககிட்ட நேரா போய் வாங்கறதுன்னு முடிவாச்சு.

இங்க எங்க ஊர்ப் பழக்கம் ஒண்ணு சொல்லணும். காஞ்சிபுரத்துக்குச் சேலை எடுக்க வர்ற வெளியூர்க்காரங்க பல பேருக்கு ஒரு ஆசை இருக்கும். கடை வேணாம், நெய்யறவங்ககிட்டயே நேரா வாங்கணும். நிஜமான தறி வீடு ஊர்ல நிறைய இருக்கு. ஆனா பஸ்ஸ விட்டு இறங்கினதும் சில ஆட்டோக்காரங்க கூட்டிட்டுப் போற வீடு வேற. வாசல்ல ஒரு தறி, தறில ஒரு ஆளு, உள்ள கடை. அந்தத் தறில இருக்கற சேலை மட்டும் எப்பப் பாத்தாலும் அரை முழத்தைத் தாண்டாது. வாங்க வந்தவங்க அந்த ஆளோட போட்டோ எடுத்துக்கிட்டு, கடை விலையை விடக் கூடவே குடுத்துட்டு, சந்தோஷமா ஊருக்குப் போவாங்க.

இவங்களைப் பாத்து நான் சிரிச்ச சிரிப்பு கொஞ்சமில்ல. கலா அண்ணிகிட்டயும், "நான் இல்லாம சேலை எடுத்துடாதீங்க அண்ணி, உங்கள நல்லா ஏமாத்திடுவாங்க"ன்னு பல தடவை சொல்லியிருக்கேன்.

இப்படிப்பட்ட நான், பூக்கடைச் சத்திரம் பக்கத்துல ஏகாம்பரத்தோட ஆட்டோவுல ஏறினேன். வெளியூர்க்காரங்கள அந்த மாதிரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற வேலையை அவன் செய்யறான்னு தெரிஞ்சேதான் ஏறினேன்.

"ஏகாம்பரம், காய் புடிச்ச கத்திரிச்செடி வேணும். நர்சரி வேணாம், வளக்கறவங்ககிட்டயே நேரா வாங்கணும். உன் வெளியூர் பார்ட்டிக்குச் செய்யற வேலைய என்கிட்ட காட்டாத."

"அய்ய, இன்னாக்கா நீ. நீ நம்ம ஊர் ஆளு, உன்கிட்ட போய் அதெல்லாம் செய்வனா? என் மச்சான் ஏனாத்தூராண்ட தோட்டமே வெச்சிக்கினு இருக்குறான். நர்சரிக்காரங்கல்லாம் அவன்கிட்டதான் வந்து எடுத்துக்கினு போறாங்க."

நம்ம ஊர் ஆளுன்னு சொன்னதும் எனக்குக் குளுகுளுன்னு ஆயிடுச்சு.

தோட்டம் அருமையா இருந்துச்சு. முன்னாடி ஒரு பாத்தி. அதுல மஞ்சத்துண்டு கட்டின, முறுக்கு மீசை வெச்ச ஒருத்தர் மண்வெட்டியால கொத்திக்கிட்டிருந்தார். பின்னாடி பச்சை வலை போட்ட பந்தல். அதுக்குக் கீழ வரிசையா செடிங்க.

ஏகாம்பரத்தோட மச்சான் ஓடி வந்து ஒரு சேரைப் போட்டார். "உக்காருங்க மேடம். வாங்கணும்னு இல்ல, சும்மா பாருங்க. பாக்கறதுக்கு இன்னா காசா பணமா?"

இந்த வசனத்தைப் பட்டுக்கடை வாசல்கள்ல நான் கேக்காத நாள் கிடையாது. ஆனா அன்னிக்கு மண்டைல மணி அடிக்கல. குடிக்கக் கலர் சோடா வந்துச்சு, குடிச்சேன்.

ஒவ்வொரு செடியா எடுத்துட்டு வந்து முன்னாடி வெச்சார். நான் உதட்டைப் பிதுக்கினா அது ஓரமா போகும், அடுத்தது வரும். பழக்கதோஷத்துல நான், "இதுலயே வேற கலர் இருக்கா?"ன்னு கேட்டேன். "இருக்குது மேடம்"னு வெள்ளைக் கத்திரியை எடுத்துட்டு வந்தார்.

அப்புறம் என் திறமையைக் காட்டினேன். சேலையோட உள்பக்கத்தைத் திருப்பிப் பாக்கற மாதிரி இலையைத் திருப்பிப் பாத்தேன். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். விரலால நீவியும் பாத்தேன். இதெல்லாம் செஞ்சா என்ன தெரியும்னு எனக்குத் தெரியாது.

"மேடம் விஷயம் தெரிஞ்சவங்க"ன்னார் மச்சான்.

அந்த ஒரு வார்த்தைக்காகக் கத்திரிச்செடிங்களோட ஒரு மல்லியும் ஒரு எலுமிச்சையும் கூட எடுத்தேன். நாட்டுக் கொத்தமல்லி விதைன்னு பேப்பர்ல மடிச்சு ஒரு பொட்டலம் குடுத்தார். "பாக்கெட்டெல்லாம் நாங்க போடறதில்ல மேடம், எல்லாம் நம்ம தோட்டத்து விதை." அதையும் வாங்கினேன்.

செடி எல்லாத்தையும் சிவப்பும் கடுகு மஞ்சளுமா பட்டு நூல்ல கட்டியிருந்தாங்க. எஸ்தர் அக்கா கட்டற மாதிரியே இருந்துச்சு. அவங்க இங்கருந்துதான் கத்துக்கிட்டிருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்.

மஞ்சத்துண்டுக்காரர் மட்டும் நான் வந்ததுலருந்து ஒரே இடத்துலயே கொத்திக்கிட்டிருந்தார். விட்டா கிணறு வெட்டிடுவார் போல இருந்துச்சு. "ஒரு போட்டோ எடுத்துக்கலாமாங்க?"ன்னு கேட்டேன். அவர் மறுபேச்சே பேசல. மண்வெட்டியைத் தோள்ல சாத்தி, மோவாயைக் கொஞ்சம் தூக்கி, தூரமா வானத்தைப் பாத்தார்.

அந்த போட்டோவைக் குரூப்ல போட்டேன். "எங்க வழக்கமான தோட்டம். உரம் வாங்க வந்தேன்." கலா அண்ணிகிட்டருந்து ஒரு கட்டைவிரல் வந்துச்சு. பொறாமைல எரியறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோ எங்க தெருமுனை வேகத்தடைல குதிச்சுது. ஒரு கத்திரிச்செடி வெளிய உருண்டுச்சு. உருண்டது எஸ்தர் அக்கா கடை வாசல்ல.

நான் உடனே போனைக் காதுல வெச்சேன்.

எஸ்தர் அக்கா எழுந்து வந்து செடியைத் தூக்கினாங்க. என்னைப் பாக்கல, நூல்ல போட்டிருந்த முடிச்சைப் பாத்தாங்க. "நேத்து சாயந்திரம்தான் இத கட்டினேன். அதுக்குள்ள எங்க போய்ட்டு வருது?"

"ஏனாத்தூர்"னு என் வாய் தானா சொல்லிடுச்சு. காதுல போன் அப்படியே இருந்துச்சு.

அக்கா இப்போ ஏகாம்பரத்தைப் பாத்தாங்க. "உன் மச்சான்கிட்டயா வாங்கினாங்க?"

"வண்டிக்கு கேஸ் போடணும்க்கா, லேட்டாவுது"ன்னு சொல்லிட்டு, அவன் எல்லாச் செடியையும் அங்கயே மடமடன்னு இறக்கி வெச்சான். வண்டி பறந்துடுச்சு. செடிங்க எல்லாம் பொறந்த வீட்டு வாசல்லயே வரிசையா நின்னுச்சு.

"வாரா வாரம் வந்து எடுத்துக்கினு போவாரும்மா"ன்னாங்க எஸ்தர் அக்கா. "நல்ல மனுஷன். பேரமே பேச மாட்டாரு."

எனக்கு நிஜமாவே வெக்கமா போச்சு. "அப்ப இதெல்லாம் நீங்க எங்கருந்துக்கா வாங்கறீங்க?"ன்னு கேட்டேன்.

"எங்கருந்தும் வாங்கறதில்லமா. பாலாத்துப் பக்கம் கொஞ்சம் நெலம் இருக்குது, நானும் எங்க வீட்டுக்காரரும் வளக்கறோம். அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீதான் நிக்கலயே." விதைப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்தாங்க. ஒண்ணை எடுத்து வாயில போட்டு மென்னாங்க. "மளிகைக்கடை தனியா. மொளைச்சாலும் மொளைக்கும். ஆனா ரசத்துக்குன்னா நல்லா இருக்கும்."

அதுக்கு மேல மறைச்சு என்ன பண்றது. வாட்ஸப்ல அடிச்சு விட்டதுலருந்து, மஞ்சத்துண்டுக்காரர் போட்டோ வரைக்கும் எல்லாத்தையும் கொட்டிட்டேன். நாளைக்கு நாத்தனார் வந்தா என் மானம் போயிடும்க்கான்னு சொன்னேன். எஸ்தர் அக்கா ஸ்டூல்ல உக்காந்து வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "இந்தப் பிளாஸ்டிக் பையோட வெச்சின்னா புதுசுன்னு தெரிஞ்சிடும்"னு சொல்லி, பாசி புடிச்ச பழைய சிமெண்ட் தொட்டிங்களை உள்ளருந்து எடுத்துக் குடுத்தாங்க. "அவங்க ஊருக்குப் போனதும் தொட்டிய திருப்பிக் குடுத்துடு."

ஞாயித்துக்கிழமை கலா அண்ணி வந்தாங்க. கையில ஏற்கனவே ஒரு பட்டுச்சேலைப் பை.

"கல்யாணச் சேலை உன்கூட வந்துதான் எடுப்பேன். இது எனக்கு. உன் உதவி இல்லாமயே எடுத்தேன் பாத்துக்க"ன்னாங்க. "கடைல இல்ல. தறி வீட்லயே, நேரா."

"யாரு அண்ணி கூட்டிட்டுப் போனது?"

"ஏகாம்பரம்னு ஒரு ஆட்டோக்காரர். தங்கமான மனுஷன். உங்களப் பாத்தா வெளியூர் மாதிரியே தெரியலம்மான்னாரு."

மத்த நாளா இருந்தா சாயந்திரம் வரைக்கும் சிரிச்சிருப்பேன். அன்னிக்கு, "சேலை நல்லா இருக்கு அண்ணி"ன்னு மட்டும் சொன்னேன்.

மாடிக்குப் போனோம். கத்திரிக்கா தொங்கிட்டிருந்துச்சு. பாசித் தொட்டி வேலை செஞ்சுது. அண்ணி ஒரு காயைப் பறிச்சு, அசந்து போய்ப் பாத்தாங்க. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

"நெய்யறவரோட போட்டோ கூட எடுத்தேன், இரு காட்டறேன்"னு போனை நீட்டினாங்க.

தறில உக்காந்து, கையில ஊடை நூல் ஓட்டற நாடாவோட, மோவாயைக் கொஞ்சம் தூக்கி, தூரமா எங்கயோ பாத்துக்கிட்டிருந்தார் ஒருத்தர். முறுக்கு மீசை. தலையில மஞ்சத்துண்டு.

அண்ணி போனைத் திருப்பி அவங்களே ஒரு தடவை பாத்தாங்க. "இவர எங்கயோ பாத்திருக்கேனே"ன்னாங்க. விரல் மெதுவா குடும்ப குரூப்புக்குப் போச்சு. என் போட்டோ வந்துச்சு. அதே மீசை, அதே துண்டு, அதே வானம்.

அண்ணி போனை இறக்கிட்டுக் கத்திரித் தொட்டியைப் பாத்தாங்க.

"வசந்தி, இந்தக் கத்திரிய எப்ப நட்ட?"

"நேத்து சாயந்திரம் அண்ணி."

சுவரோட சாத்தி வெச்சிருந்த அந்தக் கால் உடைஞ்ச சேர்ல அண்ணி மெதுவா உக்காந்தாங்க. முதல்ல தோள் குலுங்குச்சு, அப்புறம் சத்தம் வந்துச்சு. சிரிச்சு முடிச்சதும், "குரூப்ல சொல்லிடாத"ன்னாங்க.

"நான் எங்க அண்ணி சொல்றது, நானும்தானே மாட்டிக்குவேன்."

அண்ணி கத்திரிக்காயைக் கூடைல போட்டாங்க. கீழ பாத்துக்கிட்டே, "அந்தப் பீர்க்கங்கா பக்கத்து வீட்டுது"ன்னாங்க. "கரண்டி மட்டும்தான் என்னுது."

இத்தனை வருஷத்துல எனக்கு அவங்களை இவ்வளவு புடிச்சதே இல்ல.

மதியம் கத்திரிக்கா கொத்சும் ரசமும் வெச்சேன். சாப்பிட்டுக்கிட்டே எஸ்தர் அக்கா கதையையும் அண்ணிகிட்ட சொன்னேன். ரசத்துல எங்க நாட்டு விதையும் இருந்துச்சு. சாயந்திரம் அண்ணியே, "வா, அந்த எஸ்தர் அக்கா கடைக்குப் போலாம், எனக்கும் செடி வேணும்"னு கிளம்பினாங்க. தொட்டிக்கு நடுவுல நின்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்துட்டு, "எல்லாம் நீங்களே வளக்கறதாமே, உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"ன்னு போனை எடுத்தாங்க.

எஸ்தர் அக்கா நூல் கட்டறதை நிறுத்தல. "போட்டோவுக்குன்னா மஞ்சத்துண்டுக்காரர் இருக்காரும்மா, வரச் சொல்லட்டுமா?"

அன்னிக்கு நாங்க ரெண்டு பேருமே பேரம் பேசல.