மரத்தடியில் தனியாக உட்காரச் சொன்ன டீச்சருக்கு

மதிப்பும் மரியாதையும் உள்ள ஆங்கில டீச்சர் கௌசிகா அம்மா அவர்களுக்கு, பத்தாம் வகுப்பு நந்திதாவின் தகப்பன் சந்திரன், நகரி பக்கத்துக் கிராமத்திலிருந்து கைகூப்பி எழுதுவது. இங்கு மாமரம், மாடு, மனிதர் யாவரும் சுகம். நந்திதா சுகமா இல்லையா என்பதில் மட்டும் ஊர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

ரொமாண்டிசிசம் என்ற பாடத்துக்காகத் தாங்கள் ஒரு செயல்முறை கொடுத்தீர்களாம். அந்தக் காலத்து இங்கிலீஷ் கவிஞர்கள் மலையோடும் காற்றோடும் மனம்விட்டுப் பேசியதுபோல, பிள்ளைகளும் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து மனதில் எழுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம், மனிதர் யாரோடும் பேசக் கூடாதாம். என் மகள் சொன்ன சொல் தட்டாதவள். போன வெள்ளிக்கிழமை பள்ளி லீவு. தலைக்குக் குளித்து, ஈர முடியை விரித்துப் போட்டபடி ஏரிக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "காத்தே, எங்கள ஏன் மறந்துட்ட?" என்று உரக்கக் கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை, வேப்பமரம், விரித்த கூந்தல். எங்கள் பக்கம் இதற்கு ஒரே அர்த்தம்தான், டீச்சர். களை எடுத்துவிட்டு வந்த பத்மினி, "கங்கம்மா எறங்கிட்டாடி!" என்று எங்கள் ஊர் அம்மன் பேரைச் சொல்லிக் கத்த, கால் மணி நேரத்தில் மஞ்சள் தண்ணீர், தேங்காயோடு ஊரே கூடிவிட்டது. "இன்னா கொற வெச்சோம், சொல்லு தாயி" என்று அழுகிறார்கள். தாங்கள் சொன்ன ஒரு மணி நேரம் முடியாததால் இவள் அவர்களுக்குப் பதில் சொல்லாமல் மரத்திடம், "மனுசங்களுக்குச் சேந்து வாழத் தெரியல" என்றாளாம். பதினோரு வருடக் கிணற்றுச் சண்டையை மறந்து முனியப்பன் அங்கேயே தன் அண்ணன் காலில் விழுந்தான்.

நேரம் முடிந்ததும் எழுந்து, "ஐயோ, இது ஹோம்ஒர்க்கு!" என்றாள். "அம்மா வெளையாடிக்கினு கீறா" என்று இன்னொரு தேங்காய் உடைத்தார்கள்.

அம்மன் வந்த பெண் ஊர் எல்லை தாண்டக் கூடாது, வெள்ளிதோறும் மரத்தடியில் உட்கார வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான்கு நாளாகப் பள்ளிக்கு அனுப்பவில்லை. "எதுத்துப் பேசாத, கண்ணு பூடும்" என்கிறாள் என் மனைவி தேவயானி. காலையில் பள்ளி பஸ் ஹாரன் அடிக்கும்போது பிள்ளை புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. ஊரை எதிர்க்கவும் தைரியமில்லை. ஆகவே அன்று வந்தது வீட்டுப்பாடம்தான், அம்மன் அல்ல என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, பள்ளி முத்திரை குத்தி, ஒரு சான்றிதழ் அனுப்பும்படி மன்றாடிக் கேட்கிறேன். அடுத்த பாடத்தைப் பெஞ்சில் உட்காரவைத்தே நடத்துங்கள்.

தங்களுக்கும் தங்கள் வகுப்புக்கும் ஏழுமலையான் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
சந்திரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மரத்தடியில் உட்காரவைத்ததும் நந்திதா தானாகவே பின்னலை அவிழ்த்துவிட்டு, "இந்தப் பொண்ண திருப்பதி காலேஜி வரிக்கும் படிக்க வெக்கணும்! எவன் குறுக்க வந்தாலும் ஏரி ரொம்பாது!" என்றாள். ஊரே கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தது. நானும் அழுதுகொண்டே செய்தேன். திங்கட்கிழமை வகுப்புக்கு வருவாள். சான்றிதழ் வேண்டாம், டீச்சர். அது வீட்டுப்பாடம் என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.