ஏழு பேரை ஏற்றிப் போகும் கோச்சி

அபுதாபி,
வியாழக்கிழமை பின்நேரம்.

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் யோகநாதனுக்கும், அண்ணிக்கும், உங்கள் பொறுப்பில் விட்டிருக்கும் என் மகள் தாரிணிக்கும் தங்கச்சி வதனா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். கடிதம் என்றால் முதலில் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன், உண்மையில் சுகமில்லை. போனில் சொல்லலாமே என்பீர்கள். குசினி மூலையில் ஒரு கேமரா இருக்கிறது, அதுக்குக் காதும் உண்டு என்று பக்கத்து வீட்டில் வேலை செய்கிற பதுளைக்காரி கனகா சொன்னாள். அவள் ஞாயிற்றுக்கிழமை லீவில் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். உடுப்புக் கழுவுகிற மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். மெஷின் சுற்றும்போது என் எழுத்தும் சுற்றும், அண்ணி சிரிக்கக் கூடாது, நான் அஞ்சாம் வகுப்பு.

அண்ணே, என் பேரை வெட்டிவிட்டார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். இந்த ஆஸ்திரேலியாக்காரர் வீட்டுக்கு நான் வந்து மூன்று வாரம்தான். அவரைக் கூப்பிடுவது சார் என்று, ஆனால் உங்களுக்கு எழுதும்போது தோட்டத்துப் பழக்கத்தில் தொரை என்றுதான் வருகிறது. நல்ல மனுசன், சாப்பிட்ட கோப்பையைத் தானே எடுத்து வைப்பார். இன்றைக்கு மத்தியானம் காரில் வந்து இறங்கினவர் முகம் செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் முகம். போனில் யாருக்கோ கத்துகிறார், செவன், செவன் என்கிறார், ஆக்ஸ், ஆக்ஸ் என்கிறார். டிரைவர் காதர் மைதீன் ராமநாதபுரம் பக்கத்து ஆள், அவரிடம் மெதுவாக, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன். "ஆக்ஸுன்னா கோடாலிக்கா. ஏழு பேரு தலையில கோடாலி விழுந்துருச்சாம். மனுசன் வழி முழுக்க ஸ்டியரிங்கத் தவிர எல்லாத்தையும் குத்திக்கிட்டு வந்தாரு" என்றார். "யாரு ஏழு பேரு?" என்றேன். "அய்ய, புள்ளைங்களக் கூப்பிட நீச்சல் கிளாசுக்கு லேட்டாச்சு, அப்பறம் சொல்றேன்" என்று போய்விட்டார். வந்ததும் நாளைக்கு லீவு என்று ரூமுக்குப் போய்விட்டார். ஒரு பொம்பளையைக் கோடாலிக்கு முன்னால் நிறுத்திவிட்டு லீவில் போகிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

பிறகு குசினிக்குப் போனால் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள், தொரை கையால் எழுதினது. இரண்டு வரிசை. ஒன்றுக்கு மேலே IN, மற்றதுக்கு மேலே OUT. அவ்வளவு இங்கிலீசு எனக்கு வாசிக்க வரும். OUT பக்கம் ஏழு பேர். ஆறு பேரும் யாரோ. ஏழாவது பேர் V, பிறகு A, அதுக்கு மேலே எழுத்தை மறைத்துக்கொண்டு ஒட்டகப் பொம்மைக் காந்தம் ஒட்டியிருந்தது. அந்த ஒட்டகத்தை நகர்த்திப் பார்க்கலாம்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். நகர்த்தவில்லை, அண்ணே. நகர்த்திப் பார்த்து அதில் T இருந்தால் நான் என்ன செய்வேன்? கேமராவும் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

நம்ம தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் புத்தகத்தில் பேர் வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே லயத்து வீட்டுச் சாவியைக் கேட்பான். இங்கே சாவி கேட்க மாட்டார்கள், விசாவைக் கேன்சல் பண்ணி டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள். எனக்குச் சோற்றுக்குப் பயமில்லை. வேறு பயம் ஒன்று இருக்கிறது, இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. தாரிணி அப்பா சஜீவன் போய் ஒன்பது மாசம். இங்கேயே எரித்தோம். அவர் முசஃபா காரேஜில், நான் வீட்டு வேலையில், அப்பவும் மாசத்துக்கு இரண்டு தரம்தானே பார்த்துக்கொள்வோம். அதனால் இங்கே இருக்கிற வரைக்கும் அவருக்கு முசஃபாவில் டியூட்டி, ஓவர்டைம் விட மாட்டேன் என்கிறான், அடுத்த லீவுக்கு வருவார் என்று நினைத்துக்கொண்டு சட்டியைக் கழுவலாம். ஊருக்கு வந்து பிளேனில் இருந்து தனியாக இறங்கினேன் என்றால் அவர் இல்லை. அன்றைக்குத்தான் இல்லை. அதுக்குத்தான் நான் லீவு கேட்காமல் இருந்தேன். அண்ணி இதைத் தாரிணிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பின்நேரம் மூன்று பேர் வந்தார்கள், எல்லாரும் தொரை மாதிரி ஆஸ்திரேலியாக்காரர்கள், ஒவ்வொருத்தரும் நிலைக்கதவு அளவு. வெளியே நெருப்பாகக் கொதிக்கிறது, இவர்கள் கழுத்தில் கம்பளி மப்ளர், தொரையோடு சேர்த்து நாலு பேருக்கும் ஒரே கோடு போட்டது. அப்படிக் கம்பளி சுற்றிக்கொண்டு வந்தால் அது கம்பெனி மீட்டிங்தான் என்று நினைத்தேன். அதில் ஒரு பெரிய தாடிக்காரர், அழுகிறார் அண்ணே. பதினெட்டு வயசில் இருந்து அந்தப் பையனை எனக்குத் தெரியும், அவனை வெட்ட எப்படி மனசு வந்தது என்று சொல்லி அழுகிறார். என்னை மாதிரி இன்னொரு பாவத்தின் பேரும் லிஸ்டில் இருக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். இஞ்சி போட்டு பிளேன்டீ கொண்டுபோய் வைத்தேன். அப்பதான் அந்தப் பேச்சைக் கேட்டேன். "கோச், கோச்" என்கிறார்கள். ரயில் கோச்சிதான் ஏழு பேரையும் எடுத்தது, கோச்சிதான் எல்லாத்துக்கும் காரணம். அதோடு சாக், சாக் என்கிறார்கள். இந்த ஊரில் கோச்சி ஓடி நான் பார்த்ததில்லை, ஆனால் பாலைவனத்தில் தண்டவாளம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிளேன் டிக்கெட்டுக்குச் செலவு என்று கொழுந்தைச் சாக்கில் கட்டுகிற மாதிரி எங்களைக் கட்டிக் கோச்சியில் ஏற்றிவிடப் போகிறார்களா? கடலுக்கு மேலே கோச்சி எப்படிப் போகும் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

என்ன தைரியம் வந்ததோ தெரியாது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "சார், பிளீஸ். நோ கோச். நோ கோச், சார்" என்றேன். கண்ணால் தண்ணி கொட்டுது. நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுத்தது ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "நோ கோச்! நோ கோச்!" என்று கோப்பையைத் தூக்கிக் கத்துகிறார்கள், தாடிக்காரர் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், தொரை "யூ நோ, வதனா, யூ நோ!" என்கிறார். நான் அழுது கேட்கிறேன், அவர்களுக்குக் கைதட்டல். இப்படி ஒரு கல்மனசை நான் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை, அண்ணே. கங்காணிகூட பேர் வெட்டும்போது கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

ஆகையால் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாரும் ஹாலுக்கு வர வேணும், வதனாவும் வர வேணும் என்று தொரை சொல்லியிருக்கிறார். அங்கே வைத்துத்தான் பேர் வாசிப்பார்கள் போல. என்னைக் கூட்டிப் போக ஏர்போர்ட்டுக்கு யாரும் வர வேண்டாம், தனியாக இறங்கிப் பழக வேணும். தாரிணியைப் படிப்பை விடச் சொல்ல வேண்டாம். உங்களுக்கும் அண்ணிக்கும் முருகன் ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும், எனக்காகவும் ஒரு கற்பூரம் கொளுத்துங்கள், கொஞ்சம் பெரிய கட்டியாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
பேர் வெட்டுப்பட்ட வதனா.

பின்குறிப்பு: இன்றைக்குச் சனிக்கிழமை. மேலே எழுதினது ஒன்றையும் நம்ப வேண்டாம். நாலு தாளையும் திரும்ப எழுதத் தெம்பில்லாததால் அப்படியே அனுப்புகிறேன். எட்டு மணிக்குப் போய் ஹாலில் நின்றேன். டிவி போட்டார்கள். பெரிய பச்சை மைதானம், கையில்லாத பனியன் போட்ட பையன்கள் முட்டை மாதிரி ஒரு பந்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். ஒரு ஓரத்தில் ஒருத்தர் நிமிர்ந்து நின்று இரண்டு வெள்ளைக் கொடியை ஆட்டினார். கோச்சிக்குக் கொடி காட்டுகிற கார்டேதான்! வந்துடுச்சு, கோச்சி வந்துடுச்சு என்று நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். லீவு முடிந்து வந்திருந்த காதர் மைதீன் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிக்கிறார், சிரிக்கிறார், மூச்சு வரவில்லை அவருக்கு. "கோச்சுன்னா ரயிலு இல்லக்கா, வெளையாட்டுச் சொல்லித்தர்ற வாத்தியாரு! அந்தாளுதான் ஏழு பேரத் தூக்கிட்டாரு, அதுக்குத்தான் இவுங்க அந்தாள வீட்டுக்கு அனுப்பணுங்குறாங்க!" என்றார். அது அவர்கள் ஊர் புட்பாலாம். V, A என்று எழுதியிருந்தது வான் என்று ஒரு பையனாம், தாடிக்காரர் சொன்ன பையனும் அவன்தானாம். அந்தக் கொடி இரண்டை ஆட்டினால் ஆறு பாயிண்ட், ஒன்றை ஆட்டினால் ஒன்று, அவ்வளவுதான் கணக்கு, நான் பிடித்துக்கொண்டேன். "அப்ப வெட்டின பேரு?" என்று கேட்டேன். "நல்லா ஆடுனா அடுத்த வாரமே திருப்பிச் சேத்துருவாங்கக்கா" என்றார்.

கடைசியில் நாங்கள் அஞ்சு பின்னால். புதிதாகச் சேர்த்த ஒரு சின்னப் பையன் பந்தை உதைத்தான். நான் கத்தினேன் அண்ணே, ஒன்பது மாசமாக அப்படிக் கத்தினதில்லை. பந்து கம்பத்தில் பட்டது. ஒரு கொடிதான். தோற்றுவிட்டோம். தாடிக்காரர் மப்ளருக்குள் முகத்தை வைத்து அழுதார், தொரைக்கும் கண் கலங்கியது, எனக்கும் வந்தது, வந்தது நிற்கவில்லை. வெட்டின பேர் திரும்ப வரும் என்று காதர் மைதீன் எவ்வளவு லேசாகச் சொன்னார். விக்கி விக்கி அழுதேன். அந்த வீட்டில் எல்லாரும் அழுததால் எனக்கு என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தாடிக்காரர் டிஷ்யூ பெட்டியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிறகு முகம் கழுவிக்கொண்டு போய்த் தொரையிடம் லீவு கேட்டேன், புருசனுடைய வருசத் திவசம், ஊருக்குப் போக வேணும் என்று. எந்த மாசம் என்றார். ஐப்பசி என்றேன், காதர் மைதீன் அக்டோபர் கடைசி என்று சொல்லிக்கொடுத்தார். தாராளமாகப் போய் வா, அதுக்குள் மேட்ச் எல்லாம் முடிந்திருக்கும் என்றார் தொரை. நல்லவேளை, எனக்கும் அந்தக் கவலைதான் இருந்தது. ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வாருங்கள்.