வேர்வைக்குப் பூட்டு

கொல்லிமலைச் செம்மேட்டுச் சந்தையில் அன்றைக்குப் பலாப்பழம் வாங்க ஆளில்லை. மிளகு விலை கேட்க ஆளில்லை. மரவள்ளிக்கிழங்கு மூட்டையின்மேல் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருந்தது. சந்தைக்கு வந்த கூட்டம் மொத்தமும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீலத் தார்ப்பாய்ப் பந்தலில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. பந்தலின் நடுவே ஒரு மூக்கு உட்கார்ந்திருந்தது.

மூக்குக்குப் பின்னால் ஒரு மனிதரும் இருந்தார். நாசியானந்த சுவாமிகள். 'உடல் வாசம் அறிந்து உறவு அமைப்பவர்' என்றது பேனர். படத்தில் அவர் மூக்கிலிருந்து ஒளி கிளம்பி இமயமலை வரை போனது. சளி பிடித்தால் என்ன கிளம்பும் என்று போடவில்லை.

சுவாமிகளின் தத்துவம் எளிமையானது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைப்பது வேர்வை வாசம். அந்தக் காலத்துப் பெண்கள் வேர்த்தார்கள், புருஷன்மார் வீட்டோடு கிடந்தார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் அக்குளில் ரோல்-ஆன் உருட்டி வேர்வைக்குப் பூட்டுப் போடுகிறார்கள். வாசம் செத்துப்போகிறது, மாப்பிள்ளை ஓடிப்போகிறான். ஆண்கள் அடித்துக்கொள்ளும் ஸ்ப்ரே பற்றி அந்த மூக்குக்கு ஒரு தகவலும் எட்டவில்லை. ஆண் வாசம் பிறவியிலேயே உத்தம வாசம் போலிருக்கிறது.

பெண் உடுத்திய துணியைக் கொண்டுவந்தால் மோந்து பார்த்து, வாசம் திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று சொல்வார். பூட்டியிருந்தால் 'வாசத் திறவுகோல்' என்ற வெள்ளைப் பொடியை ஒரு மண்டலம் பூச வேண்டும். அதற்கு விலை என்று சொல்லக்கூடாது. காணிக்கை. விலை என்றால் பொடிக்குச் சக்தி போய்விடுமாம்.

கொல்லிமலைக்காரர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் அல்ல. பலாவை வெட்டாமலே மோந்து பார்த்து, 'இன்னும் ரெண்டு நாள் போவட்டும்' என்று சொல்லிவிடுவார்கள். சொன்னால் சொன்னதுதான். வினையே அங்கேதான் வந்தது. பழத்துக்குச் சரியாக வருவது பெண்ணுக்கு வராதா என்று நினைத்துவிட்டார்கள். பழம், மோந்து பார்த்தவனைத் திருப்பிக் கேள்வி கேட்காது. பெண் கேட்பாள்.

கேட்டவள் பெயர் அருள்மொழி. அதே மலையில் குண்டனி நாட்டுப் பெண். அவள் வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது, வேதியியல். வேலை செம்மேட்டில் ஒரு மருந்துக் கடையில். மலைக்கு மேலே ரோல்-ஆன் விற்கும் கையும் அவளுடையதுதான், அதைப் பூசிக்கொள்ளும் அக்குளும் அவளுடையதுதான். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்வந்தவளுக்கு வேர்வையைப் பற்றி யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை.

ஆனால் உபதேசம் அவளைத் தேடி வந்தது. அவளுக்கும் மினி பஸ் கண்டக்டர் முரளிக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்த்தான் பேசினார்கள். போன சந்தையன்று முரளியின் அம்மா சென்னம்மாள், அருள்மொழி வீட்டுக் கொடியில் கிடந்த துப்பட்டாவைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்ச் சுவாமிகளிடம் நீட்டிவிட்டாள். 'பூட்டு!' என்றது மூக்கு. 'இவள் வந்தால் உன் மகன் வருசம் திரும்புவதற்குள் வேறு வாசம் தேடிப் போவான்.'

சென்னம்மாள் நேராக மருந்துக் கடைக்கு வந்தாள்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. அந்தப் பொடிய ஒரு மண்டலம் பூசு. அப்பறம் சாமி இன்னொருக்கா மோந்து பாத்துச் சொல்லட்டும். மாட்டேன்னா இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்."

"ஏனுங்க அத்தை, உங்க பையன் என்னைய மோந்து பாத்தா கட்டிக்கறேன்னாரு?"

"அடி ஆத்தே! பேச்சப் பாரு!"

சாயங்காலம் முரளி வந்தான். தலையைச் சொறிந்தான்.

"அம்மாவுக்காகப் பூசிக்கிட்டாத்தான் என்ன அருளு? வெறும் பொடிதானே?"

"இன்னைக்குப் பொடி. நாளைக்குப் புள்ளை லேட்டாச்சுன்னா எவன் வந்து எதை மோந்து பாப்பான்? அப்பவும் அம்மாவுக்காகன்னு சொல்லுவீங்களா?"

முரளி மறுபடியும் தலையைச் சொறிந்தான். அவளே வழி சொன்னாள்.

"அடுத்த சந்தையன்னைக்குக் காலை டிரிப் முடிஞ்சதும் உங்க தோள்துண்டு எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"உங்களுக்கு வாசம் பாக்கறதுக்கு."

சொன்னபடி இந்தச் சந்தையன்று அவன் கொடுத்தான். அந்தத் துண்டை வர்ணிக்க வேண்டாம். கடையில் தூங்கிய பூனை எழுந்து வெளியே போய்விட்டது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அருள்மொழி அதை நடுவே சரக்கென்று இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை அன்னாசி விற்கும் பாப்பாத்தியிடமும், மறுபாதியைத் தாலுகா ஆபீஸ் ரஞ்சிதாவிடமும் கொடுத்து, காதில் நாலு வார்த்தை சொல்லி வரிசைக்கு அனுப்பினாள்.

பந்தல் வாசலில் சீடர் சதீஷ்குமார் நின்றார். தேன் ஒழுகும் வாய். துணியை வாங்கி வாழையிலையில் பொதிந்து நாரால் கட்டி உள்ளே அனுப்புவது அவர் கைங்கரியம்.

"யாருக்குங்கம்மா?"

"எம் புள்ளைக்குங்க," என்றாள் பாப்பாத்தி.

"சென்ட்டு, ரோல்-ஆன் எல்லாம் போடுமா?"

"சோப்புக்கே வழியக் காணோம், போங்க சாமி."

சதீஷ்குமார் நாரில் ஒரு முடிச்சுப் போட்டார். அடுத்து ரஞ்சிதா, கழுத்தில் சங்கிலி மின்ன.

"தங்கச்சிக்குங்க. கோயமுத்தூர்ல கம்பெனி வேலை. ரோல்-ஆன் இல்லாம வாசப்படி தாண்ட மாட்டா."

சதீஷ்குமார் முகம் மலர்ந்தது. நாரில் இரண்டு முடிச்சு.

உள்ளே மைக் முழங்கியது. சுவாமிகள் முதல் பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "ஆஹா! மலைத்தேன்! மழை விழுந்த மண்! இந்தக் கன்னிக்குத் திறவுகோல் வேண்டாம். தை மாசத்துக்குள் மாப்பிள்ளை வாசலில் நிற்பான்!"

பெண்கள் குலவை போட்டார்கள்.

இரண்டாவது பொட்டலம். சுவாமிகள் உடம்பு உதறியது. "பூட்டு! இரட்டைப் பூட்டு! இந்தக் கன்னியின் வாசம் உள்ளே கிடந்து கதறுகிறது!"

முன்வரிசையில் இருந்த சென்னம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்போது அருள்மொழி மேடையேறினாள்.

"சாமி, ரெண்டும் வேற வேற பொண்ணுங்களா?"

"வடக்கும் தெற்கும் அம்மா."

அவள் இரண்டு பொட்டலங்களையும் பிரித்தாள். துண்டுகளை உதறி, கிழிந்த ஓரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பிடித்தாள். நீலக் கட்டம் நீலக் கட்டத்தோடு போய்ச் சேர்ந்தது. வடக்கும் தெற்கும் ஒரே துண்டு.

சென்னம்மாள் எழுந்தே விட்டாள். "அய்யய்யோ! இது எங்க முரளி துண்டு! ஓரத்துல நாந்தான் தெச்சேன்!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ஏம்ப்பா முரளி, நீ எப்பக் கன்னியான?"

பந்தல் அதிர்ந்தது. முரளி எங்கோ பின்னால் நின்றிருந்தான். ஓடிவிடுவான் என்று அருள்மொழி நினைத்தாள். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

"சாமி, நான்தானுங்க அந்தக் கன்னி. எம் பாதிக்குத் தை மாசம் மாப்பிள்ளை வாரானாம். மீதிப் பாதிய என்னங்க பண்றது?"

"நாசியைச் சோதிக்காதே! சாபம் விழும்!" என்றார் சுவாமிகள்.

"விழட்டுங்க," என்றாள் அருள்மொழி. "உங்க சீடரு ஒரு முடிச்சுப் போட்டா தேன், ரெண்டு முடிச்சுப் போட்டா பூட்டு. வாசல்ல அவரு கேக்கற கதையெல்லாம் நாம சொல்லீட்டு, உள்ள வந்து 'சாமிக்கு எப்புடித் தெரிஞ்சுது'ன்னு வாயப் பொளக்கறோம். இப்ப நான் கட்டித் தாரேன். எல்லாத்துக்கும் ஒத்தை முடிச்சு. சொல்லுங்க பாக்கலாம்."

"இன்று நாசிக்கு மௌன விரதம்," என்றார் சுவாமிகள்.

அவள் பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது, உடனே சிரிப்பு வந்தது.

"படிகாரம்! சவரம் பண்ணுனதும் சலூன்ல தேய்ப்பாங்களே, அதேதான். வேர்வைக்கும் நாத்தத்துக்கும் அந்தக் காலத்துலயே அக்குள்ல தேய்ச்சது இதைத்தான். ரோல்-ஆன்ல இருக்கறதும் இதுக்குப் பங்காளி உப்புத்தான். பூட்டத் தெறக்கறேன்னு பூட்டையே வித்திருக்காரு! ரோல்-ஆன் பிடிக்கலையா, நிறுத்துங்க, வேர்வை தானா வந்துட்டுப் போவுது. வாசத்தைப் பாத்துத்தான் மனசு வருதான்னு ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் அடிச்சுச் சொல்லலை. இவரு மைக் புடிச்சுச் சொல்றாரு."

ஆண்கள் ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துத் தாடையில் தேய்த்துப் பார்த்தார்கள். பொடியின் ஒரே அற்புதம் அங்கேயே நிரூபணமாயிற்று. எரிந்தது.

சுவாமிகளும் சீடரும் பந்தலின் பின்பக்கமாக ஓடி, புறப்பட இருந்த மினி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பாவம், விசில் முரளியிடம் இருந்தது. வாங்கிய காணிக்கையெல்லாம் ஜன்னல் வழியாக அவரவர் கைக்குத் திரும்பி வந்த பிறகுதான் அவன் ஊதினான்.

சென்னம்மாள் கடைக்கு வந்து அருள்மொழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் மேலதான் தப்பு கண்ணு. மைக்குல பேசறானேன்னு நம்பீட்டேன். கல்யாணத்தை நிறுத்தப் பாத்தேனே! விடு, சீக்கிரமே நாள் குறிச்சுப் போடலாம். ராசிபுரத்துல ஒருத்தரு இருக்காராமா. உள்ளங்கையத் தடவிப் பாத்தே எல்லாம் புட்டுப் புட்டு வெக்கறாராமா. ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமா?"

அருள்மொழிக்கு ஒரு கணம் கோபம் சுர்ரென்று ஏறியது. பிறகு சிரித்துவிட்டாள்.

"அத்தை, அக்குள் வேர்த்தா தப்பில்லீங்க, வேர்க்காட்டியும் தப்பில்லீங்க. மண்டைக்குள்ள ஒண்ணு இருக்குதே, அதுக்கு யாரும் ரோல்-ஆன் பூசி விடலையே? அதை என்னைக்குத்தானுங்க வேர்க்க விடப் போறீங்க?"