சுருட்டைமுடியும் கண்ணாடிக்காரனும் பிரிந்துபோனது பற்றி அக்காவுக்கு

பேரன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே அத்தானின் முழங்கால் மடங்கவும் நீளவும் ஒத்துழைக்கிறது என்று நம்புகிறேன். மனசளவில் நான் எப்படி இருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ கட்டாயம் வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். என் மகனும் அந்த நெட்டையனும் ஒரே வீட்டில் குடியிருப்பது, "ஃபிரெண்டு இல்லப்பா, அதுக்கும் மேல" என்று அவன் போட்டு உடைத்தது, "அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று நான் கத்தியது, "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரேன், நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்தை நல்லபடியா பேசலன்னா நான் வர்றது அதுதான் கடைசி" என்று அவன் சொல்லிவிட்டுப் போனது எல்லாம் உனக்குத் தெரியும். நீ வந்து முறைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது நீ வர வேண்டுமா, வந்தால் யாரை முறைக்க வேண்டும் என்பதே எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்தது. போகும்போது மகன் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். மாங்கா என்கிற ஜப்பான் படக்கதை, இரண்டு ஆண்பிள்ளைகள் காதலிக்கிற கதை, அதன் தமிழ்ப் பதிப்பில் பேச்சுக்குமிழிகளுக்குள் எழுத்தைப் பொருத்துவதுதான் நெட்டையனுக்கு உத்தியோகமாம். "படிச்சுப் பாருங்கப்பா, ரெண்டு பேர் மனசு எப்படி வளருதுன்னு தெரியும்" என்றான். அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவன் நான், எனக்கே புத்தகம் நீட்டுகிறான்! சரி, பயல் எத்தனை பிழை விட்டிருக்கிறான் பார்ப்போம் என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முன்னட்டையில் தலைப்பையே காணோம், பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள். குறித்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், "நில்! தவறான வழியில் வந்திருக்கிறாய், திரும்பு!" என்று இருந்தது. பதிப்பகத்தார் நம்மைப் போல நல்ல குடும்பத்து ஆட்கள்தான் என்று சந்தோஷப்பட்டேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, விளம்பரம் என்று விட்டுவிட்டேன். உள்ளே போனால் பக்க எண் எல்லாம் இறங்குமுகம், பெரிய எண்ணில் ஆரம்பித்து ஒன்றில் முடிகிறது. கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக அடித்துச் சரியான எண்ணைச் சிவப்பில் போட்டேன். மற்றபடி ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை அக்கா. அதுதான் எனக்கு எரிச்சல்.

கதைக்கு வருகிறேன். சுருட்டைமுடிக்காரன் பூட்டு ரிப்பேர் செய்பவன், கண்ணாடிக்காரன் வரி ஆபீசில் குமாஸ்தா. எடுத்த எடுப்பிலேயே இருவரும் ஒரு சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் போகப்போக ஒரு விஷயம் என்னை அசத்திவிட்டது. ஒருத்தன் கேட்பதற்கு முன்பே இன்னொருத்தன் பதில் சொல்லிவிடுகிறான். இவன் "மன்னிச்சிட்டேன்" என்கிறான், அதற்கப்புறம்தான் அவன் "மன்னிச்சிடு" என்கிறான். இவ்வளவு ஆழமான புரிதலை நான் எந்தத் தம்பதியிடமும் பார்த்ததில்லை. நானும் வீட்டில் முயற்சி செய்தேன். மனைவி வாயைத் திறக்கும் முன்பே "தாராளமா" என்றேன். "இந்த ஆடற நாற்காலியத் தூக்கிப் போட்டுடவா?" என்று அப்புறம் கேட்டாள். நாற்காலி போயே போச்சு.

ஆனா வளர்ச்சி எங்க இருக்கு சொல்லு? எல்லாம் தேய்மானம். சண்டைக்கு முன்னாலேயே சுருட்டைமுடி கன்னத்துல பிளாஸ்திரி ஒட்டிக்கிறான், முன்ஜாக்கிரதையாம். சட்டைப்பையில பத்திரமா வெச்சிருந்த வீட்டுச் சாவி, ரெண்டு பக்கம் தள்ளிப் பாத்தா கண்ணாடிக்காரன் கைக்குப் போயிடுது. நல்லாச் சிரிச்சுப் பேசிட்டிருந்தவன் முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறான். கடைசியில பஸ் ஸ்டாப்புல மழை, ஒரே குடையில ரெண்டு பேரும், அடுத்த படத்துல குடை ஒருத்தனோட போயிடுது, மத்தவன் நனையறான், ரெண்டு பேரும் யாரோ எவரோ மாதிரி ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டு நிக்கறாங்க. முற்றும்! எனக்கு அழுகையே வந்துடுச்சு அக்கா. என் பிள்ளையும் இப்படித்தான ஒருநாள் நனைஞ்சிட்டு நிப்பான்?

உடனே போன் போட்டேன். "டேய், பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிடாதீங்கடா. அவன்கிட்ட சாவியத் திருப்பிக் கேக்காதே. சண்டை வந்தாலும் முகம் கொடுத்துப் பேசு" என்று கெஞ்சினேன். போனில் யார் நம்பர் என்று ஒரு தரம் எடுத்துப் பார்த்திருப்பான் போல. அப்புறம், "அப்பா, நீங்கதானே பேசறது?" என்றான். "வேற யாரு பேசுவா? அந்த நெட்டையன்கிட்டயும் சொல்லு, குடைய எடுத்துட்டு ஓடிடக் கூடாதுன்னு" என்று வைத்துவிட்டேன்.

வேண்டாம் என்று கத்தியவன் நான்தான், பிரியாதே என்று கெஞ்சுகிறவனும் நான்தான். இவர்களைச் சேர்த்துவைப்பதா, பிரிவதற்கு முன் பிரித்துவைப்பதா? நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். மூத்தவளான உனக்கு என் வணக்கம், அத்தானின் முழங்காலுக்குத் தனியாக ஒரு வணக்கம். குழந்தைகள் நீண்ட ஆயுளோடும் மழையில் நனையாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
குழம்பிப்போன தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டப் போகும்போது மனைவி வந்தாள். சிவப்பு மையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னங்க இது, இத அந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும். கீழ பொடி எழுத்துல போட்டிருக்கானே! நான் அன்னிக்கே படிச்சு முடிச்சிட்டேன்" என்கிறாள். ஜப்பான்காரர்களுக்குப் புத்தகம் அந்தப் பக்கம்தான் ஆரம்பமாம். நான் முடிவிலிருந்து ஆரம்பத்துக்குப் படித்திருக்கிறேன்.

மறுபடியும் படித்தேன். முன்பின் தெரியாத ஒருத்தன் நனைகிறான் என்று இன்னொருத்தன் குடையை நீட்டுகிறான். சிடுமூஞ்சி மெல்ல மெல்லச் சிரிக்கக் கற்றுக்கொள்கிறான். கண்ணாடிக்காரன் சுருட்டைமுடியிடம் சாவியைக் கொடுத்து, "இது உனக்கும் வீடுதான்" என்கிறான். கடைசியில் ஒருத்தன் பாத்திரம் கழுவ, மற்றவன் துடைத்து அடுக்குகிறான், அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத பக்கம் என்று நான் புரட்டிவிட்ட பக்கம்தான் இவ்வளவு பாடுபட்டு அவர்கள் வந்து சேர்ந்த இடம். நானும் என் மனைவியும் தினமும் அதைத்தான் செய்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வா அக்கா. முறைக்க வேண்டாம், சாப்பிட வா. அதற்குள் என் திருத்தங்களை எல்லாம் வெள்ளை மை பூசி மறைத்தாக வேண்டும், நெட்டையனுக்குத் தெரிந்தால் மானம் போகும். ஒன்றை மட்டும் விட்டுவிடப் போகிறேன். அந்தப் பாத்திரம் கழுவுகிற கடைசிப் பக்கத்தில் சிவப்பில் "1" என்று போட்டிருக்கிறேன். அது இருக்கட்டும்.