ஆகாசத்தில் ஒரு முன்சீட்டு

எமதர்மன் வந்து, "எல்லாரும் வரிசையில் நில்லுங்கள்" என்றால், முதல் ஆளாகப் போய் நிற்கக்கூடிய மனுசன் இந்தப் பூலோகத்தில் ஒருத்தர்தான் இருந்தார். அவர் கொடைக்கானலில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்தார்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, யாருக்குத் தெரியும்? ஊருக்கு அவர் முன்சீட்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். மன்னவனூர்க் கிழங்கை மதுரைக்கு அனுப்பிவிட்டுப் பின்னாலேயே பஸ் ஏற வருவார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டுதான் வேண்டும்.

"தம்பி, நம்ம எடம் காலியாத்தானே கெடக்கு?"

ஒருநாள் அந்த இடத்தில் ஒரு பெரிய அதிகாரி, டவாலிச் சேவகன் சகிதம் உட்கார்ந்துவிட்டார். முன்சீட்டு கும்பிட்டார். "ஐயா, பஸ் கவுந்தா மொதல்ல போறது இந்த சீட்டுக்காரன்தேன். உங்க உசுரு நாட்டுக்கு வேணும். என் உசுரு கெழங்குக்குத்தானே?" அதிகாரி எழுந்து பின்னால் போய்விட்டார்.

பஸ்ஸில் மட்டுமா? கல்யாண வீட்டில் முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு. டூரிங் கொட்டகையில் இருக்கிறதிலேயே ஒசத்தியான நாற்காலி டிக்கெட்டை வாங்குவார். வாங்கி, அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால், தரை டிக்கெட்டுக்கும் முன்னால் போட்டுக்கொள்வார். ஒரு சாவு ஊர்வலத்தில் பாடைக்கு முன்னால் நடந்த இவரைப் பார்த்து ஒருத்தர், "யோவ், செத்தவருக்காவது முதல் இடத்தை விடுமய்யா" என்று கத்தியதை என் காதாலேயே கேட்டேன்.

ஆனால் பஸ்ஸில் ஏறியதும் ஆள் மாறிவிடுவார். மலை இறங்கி முடிகிறவரை வாய் திறக்க மாட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு ரோட்டையே முறைப்பார். என்ன திமிர் பார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த சம்சாரமோ, எங்களுக்கெல்லாம் அவர் மதினி, பஸ்ஸிலேயே ஏறாதவர். கல்யாணமான கையோடு மலையேறி வந்தபோது, கொண்டை ஊசி வளைவில் புதுப்பெண் வாந்தி எடுத்து பஸ்ஸையே நாறடித்துவிட்டாளாம். அது ஊர் அறிந்த கதை. அதற்குப் பிறகு மதினி மலையை விட்டு இறங்கவே இல்லை. அம்மா வீட்டு விசேஷத்துக்குக்கூட, "எனக்கு பஸ்ஸு ஆகாது" என்று இருந்துவிடுவார்.

அவர்களுடைய ஒரே மகளை மெட்ராஸில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று அந்தப் பெண் ஒரே அழுகை. முன்சீட்டு என் டிக்கெட் கவுண்டருக்கு வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்:

"பிளேன்ல கூட்டிட்டுப் போறேன். ஆகாசத்துல ஏது கொண்டை ஊசி வளைவு? அதுலயும் முன்னாடி திரை போட்டு ஒசந்த சீட்டு இருக்காம். நீயும் வா தம்பி. அங்க இங்கிலீஷு பேச ஆளு வேணும்."

"ரயிலுக்கும் வளைவு கிடையாதேண்ணே?"

"அங்க புள்ளைக்கு வலி எடுத்துருச்சுன்னா, விடிய விடிய ரயில்ல கடகடன்னு உக்காந்திருக்கவா? வெரசாப் போக வேணாமா?"

வெரசாப் போவதற்காக என்ன செய்தோம் தெரியுமா? பிளேன் ஏற வேண்டுமானால் முதலில் மலை இறங்க வேண்டும் என்பதை அந்த மேதாவி யோசிக்கவே இல்லை! மதினிக்குத்தான் பஸ் ஆகாதே. ஆகவே பெரியகுளத்துக்கு இறங்கும் பழைய ஒத்தையடிப் பாதையில் மூன்று பேரும் பகல் பூராவும் நடந்தோம். மதினி வரையாடு மாதிரி தாவித் தாவிப் போனார். முன்சீட்டு பாறைக்குப் பாறை உட்கார்ந்து எழுந்தார். என் முழங்கால் இன்றைக்கும் அந்த மனுசனைத் திட்டுகிறது.

மறுநாள் வளைவில்லாத ரோட்டில் வாடகைக் கார் பிடித்து மதுரை விமான நிலையம் போனதும், முன்சீட்டு மடியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். "பிளேனு சக்கரத்துக்கு வைக்கணும், சொல்லு தம்பி." நான் இங்கிலீஷில் சொன்னேன். அங்கிருந்த விமான நிலைய அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மலையேறுற பஸ்ஸுக்கே வைக்கிறோம், மானத்துல ஏறுறதுக்கு வேணாமா?" என்று முன்சீட்டு தமிழில் பிடித்த பிடியில், அவர் தலையில் அடித்துக்கொண்டு ஒரே ஒரு பழத்துக்கு அனுமதி தந்தார்.

விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே நடைபாதையே ஏற்றம். "என்னங்க, இங்கயும் மலைதானா?" என்றார் மதினி. எனக்குத் திரைக்குப் பின்னால் சாதா சீட்டு. அவர்களுக்கு முன்னால் மெத்தை, தலைக்கு வெள்ளைத் துணி. விமானப் பணிப்பெண் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் நீட்டினாள். முன்சீட்டு திரையை விலக்கி, ஒரு காகிதப் பையை எனக்கு ஆட்டிக் காட்டினார்.

"தம்பி, ஒசந்த சீட்டுக்குத் தாம்பூலப் பையே வச்சிருக்காக பாத்தியா! ஒனக்கும் குடுத்தாகளா?"

அது எதற்கான பை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிட்டாய், பஞ்சு, மதினியின் வெற்றிலை எல்லாவற்றையும் அதில் போட்டு, கல்யாண வீட்டில் மொய் வைத்த விருந்தாளி மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்.

உச்சி வெயில் நேரம். திருச்சியைத் தாண்டியதும் விமானம் குலுங்கத் தொடங்கியது. விலகிய திரை விலகியபடியே இருந்ததால் எல்லாம் எனக்குத் தெரிந்தது. முன்சீட்டு உதட்டை இறுக்கினார். முகம் வெளிறியது. மதினி சட்டென்று திரும்பினார். பையைப் பிடுங்கி, மிட்டாயெல்லாம் முந்தானையில் கொட்டி, காலிப் பையைப் புருசன் வாய்க்கு நேரே பிடித்தார். பல நாள் பழகிய கை அது! கொஞ்சம் பையில், மிச்சம் சட்டையில். பணிப்பெண் ஓடி வருவதற்குள் பை மதினியின் வாய்க்கு நேரே மாறிவிட்டது.

"எனக்குத்தாம்மா. மலைக்காரி, பழக்கமில்ல. அவுக மேலயும் பட்டுருச்சு."

எனக்குப் பொறி தட்டியது. அடப்பாவி மனுசா!

மெட்ராஸில் இறங்கியபோது பணிப்பெண் மதினியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மருமகனிடம் ஒப்படைத்தாள். அவர் பதறிப்போனார்.

"பஸ்தான் ஆகாது, பிளேனுமா அத்தை? காலையிலதான் அவள ஆஸ்பத்திரில சேர்த்தேன். இந்த ஒடம்போட நீங்க எப்படிக் கண்ணு முழிப்பீங்க? பேசாம வீட்ல படுங்க. எங்க அம்மாவை வரச் சொல்லிடுறேன்."

மதினி வாயைத் திறந்தார். புருசனைப் பார்த்தார். மூடிக்கொண்டார். கண்ணில் மட்டும் நீர் முட்டிக்கொண்டு நின்றது. மகளுக்காக ஒரு மலையை நடந்து இறங்கி வந்த மனுசி, அந்த நேரத்திலும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"மாப்ள," என்றார் முன்சீட்டு. "அவளுக்கு ஒண்ணுமில்ல. வாந்தி எடுத்தது நாந்தேன். கல்யாணமாகி மலையேறுன அன்னைக்கும் நாந்தேன். பஸ்ஸு நெறைய சனம், நான் கூனிக் குறுகிப் போனேன். எனக்குத்தான்னு இவ சொல்லிட்டா. சொன்ன பொய்யக் காப்பாத்தத்தேன் இத்தன வருசம் பஸ் ஏறாமக் கெடந்தா. முன்னாடி உக்காந்தா எனக்குக் கொமட்டல் கம்மி, வேற ஒரு மண்ணும் இல்ல. இவளக் கூட்டிட்டுப் போங்க. புள்ள பக்கத்துல இவதேன் இருக்கணும்."

சுற்றி நின்ற கோட்டும் சூட்டும் எல்லாம் திரும்பிப் பார்த்தது.

"இத ஊருக்கே தண்டோராப் போடணுமாக்கும்?" என்று மதினி சீறினார். சீறிக்கொண்டே அவர் வாயை முந்தானையால் துடைத்தார். மிட்டாயெல்லாம் தரையில் சிதறியது. பிறகு மருமகனை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் பேத்தியை முதலில் கையில் வாங்கியது மதினிதான்.

அவர்கள் போன பிறகு முன்சீட்டு அங்கேயே நின்றார். "சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்க தம்பி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையெல்லாம் ஒரே நாற்றம். இருந்தாலும் அந்த மனுசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.